என்னைக் கவிழ்த்த 'நான்'

'நான்' என்ற நினைப்புதான் மனுஷனைக் கவிழ்க்கும் என்று எங்கள் ஆச்சி சொல்லிக்கொண்டே இருப்பாள். என் விஷயத்தில் அது எழுத்துக்கு எழுத்து பலித்தது. என்னைக் கவிழ்த்த 'நான்' ஓர் ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவில், 'நான்-எக்ஸ்க்ளூசிவ்', அதாவது 'இது மட்டுமே என்றில்லை', என்ற ஆங்கிலச் சொல்லின் தலையில் உட்கார்ந்திருந்தது. அதற்காக ஏறக்குறைய மூன்று வருஷமும், 18,400 பவுண்டில் பெரும்பகுதியும், வீட்டு நகையும் போயின. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதற்கும் சேரன்மகாதேவியில் பாய் விற்கிற எனக்கும் ஒட்டு உறவு இருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இனி ஒருத்தருக்காவது உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏற்றுமதியாளர் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு குடோன், ஒரு கம்ப்யூட்டர், கணக்கு எழுத ஒரு பையன், அவ்வளவுதான். பத்தமடையில் இருபது இருபத்தைந்து வீடுகளில் பெண்கள் பாய் நெய்து தருவார்கள். கோரையைக் கிழித்து, ஊறவைத்து, சாயம் போட்டு, பாவு நூலில் கோத்து ஒரு நல்ல பாய் இறங்க வாரக்கணக்கில் ஆகும். மாப்பிள்ளை பெண் பெயர் நெய்த கல்யாணப் பாய்க்கு உள்ளூரிலேயே ஆள் உண்டு. வெளிநாட்டுக்கு நான் அனுப்பியது யோகா பாயும், சாப்பாட்டு மேசையில் விரிக்கிற சின்ன விரிப்புகளும், கோரைப் பைகளும். எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போனது என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பெருமையில்தானோ என்னவோ, இங்கிலாந்துக்காரர் ஆர்டர் என்றதும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது.

டெல்லியில் நடந்த ஒரு கைவினைக் கண்காட்சியில் அறிமுகம். 2018 முதல் வியாபாரம். தெற்கு இங்கிலாந்தில் கடை, நல்ல மனிதர்கள், பில் தேதியிலிருந்து அறுபது நாளில் பணம் வந்துவிடும். தூத்துக்குடியில் ஏற்றி கொழும்பு வழியாகப் போகும். ஒருமுறைகூட நான் பணம் கேட்டு மெயில் போட்டதில்லை. அதுதான் முதல் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. பணம் ஒழுங்காக வருகிறவரை நாம் ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை.

அந்தப் பக்கம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேறலாம் என்று வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 31இல் பிரிட்டன் வெளியேறியது. ஆனாலும் அந்த வருஷம் டிசம்பர் 31 வரை பழைய விதிகளே ஓடின. டிவியில் அதைப் பார்த்துவிட்டு, "அவன் ஒன்றியத்துல இருந்தா என்ன, போனா என்ன, தாமிரபரணிக் கரையில கோரை முளைக்காம இருந்திருமா?" என்று மச்சானிடம் கேட்டேன். பெரிய ஞானி மாதிரி.

2021 தொடக்கத்தில் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே சுங்கச் சடங்குகள் வந்துவிட்டன. எங்கள் வாடிக்கையாளருக்கு ஜெர்மனி, பெல்ஜியம் பக்கம்தான் விற்பனை அதிகம். அதனால் நெதர்லாந்தில் தனியாக ஒரு கம்பெனி பதிவு செய்து, சரக்கை இனி ராட்டர்டாமில் இறக்கிக்கொள்கிறோம் என்றார்கள். மார்ச்சில் புது ஒப்பந்தம் வந்தது. பழைய ஒப்பந்தத்தை அப்படியே எடுத்து, கம்பெனி பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றியிருந்தார்கள். பணம் பவுண்டிலேயே. சட்டம் இங்கிலாந்துச் சட்டம். தகராறு வந்தால் இங்கிலாந்து நீதிமன்றங்கள், 'நான்-எக்ஸ்க்ளூசிவ்' அதிகாரத்தோடு. கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, டீ ஆறுவதற்குள் அனுப்பிவிட்டேன்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். வாங்குகிறவரின் கம்பெனி பெயர் மாறினால் அது வேறு ஆள். குரல் அதேதான், மெயில் அதேதான், கிறிஸ்துமஸ் வாழ்த்தும் அதேதான், ஆனால் சட்டத்துக்கு அது நேற்றுப் பிறந்த புது ஆள். அவரிடம் என்ன சொத்து இருக்கிறது, எந்த நாட்டில் இருக்கிறது என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். நெதர்லாந்தில் எந்தக் கம்பெனியின் பதிவையும் அங்குள்ள வர்த்தகச் சபையின் ஏட்டில் சின்னக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். நான் பார்த்தது 2023இல். 2021இல் பார்த்திருந்தால் அறுபது நாள் கடன் கொடுத்திருக்க மாட்டேன்.

2021 நவம்பர், 2022 ஜனவரி, மார்ச் என மூன்று முறை சரக்கு போனது. மூன்றும் சேர்த்து 18,400 பவுண்டு, அன்றைய மதிப்பில் சுமார் பதினெட்டரை லட்சம் ரூபாய். முதல் பில்லுக்கு, கப்பல் வாடகை ஏறிவிட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். அது உண்மைதான், அந்த வருஷம் எல்லோருக்கும் வாடகை ஏறியிருந்தது. இரண்டாவதுக்கு, பாயில் பூஞ்சை என்றார்கள். படம் அனுப்புங்கள் என்றேன், வரவில்லை. மூன்றாவது பில்லுக்குப் பதிலே இல்லை. ஜூன் மாதத்துக்கு மேல் போனையும் எடுக்கவில்லை.

நெய்த பெண்களுக்கு அந்தக் கதையெல்லாம் சொல்ல முடியுமா? அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். மனைவியின் நகையை வங்கியில் வைத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கழற்றிக் கொடுத்தாள், அது சண்டை போட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மெயில் பார்ப்பேன், அங்கே அப்போது முன்னிரவுதான் என்று ஒரு கணக்கு. அசிங்கமாக ஒரு மெயில்கூட எழுதினேன். பிறகு அந்த மெயிலையே வக்கீல் பார்த்துவிட்டு, "இனி நீங்கள் நேராக எதுவும் எழுத வேண்டாம்" என்றார். கோபத்தில் மெயில் போடாதீர்கள், எல்லாம் கோர்ட்டில் காகிதமாக வந்து நிற்கும்.

ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பையன் மூலமாக. அவர் தப்பான ஆள் இல்லை, இதைச் சொல்லிவிட வேண்டும். நான் கேட்டது, "இங்கிலாந்தில் கேஸ் போட முடியுமா?" என்று. முடியும் என்று சரியாகப் பதில் சொன்னார். "ஜெயித்தால் நெதர்லாந்தில் பணம் வாங்க முடியுமா?" என்று நான் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிவதற்குத்தான் அத்தனை செலவு.

இந்தத் தொகைக்கு வழக்கை ஆன்லைனில் போடலாமே என்று நானே இணையத்தில் படித்து வைத்திருந்தேன். எதிராளியின் முகவரி இங்கிலாந்திலோ வேல்ஸிலோ இருந்தால்தான் அந்த ஆன்லைன் வழி. எனக்கு எதிராளி நெதர்லாந்தில். ஆகவே காகித வழக்கு, கவுண்ட்டி கோர்ட் என்கிற அங்குள்ள கீழ்நிலை சிவில் கோர்ட்டில். நீதிமன்றக் கட்டணம் தொகையில் 5 சதவீதம், 920 பவுண்டு. முன்னறிவிப்புக் கடிதத்துக்கு வக்கீல் 600, வழக்குக்கு 2,900. இந்தியாவில் இருக்கிற வாதி என்பதால், எதிராளி வந்து வாதாடினால் அவருடைய செலவுக்கு முன்கூட்டியே பிணைத்தொகை கட்டச் சொல்லிக் கேட்கலாம் என்றும் வக்கீல் எச்சரித்தார். இது நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. வழக்குப் போட்டவர் நாம், தோற்றால் எதிராளிக்கு நாம் கொடுக்காமல் ஓடிவிடுவோம் என்று கோர்ட்டுக்குச் சந்தேகம் வரலாம், அவ்வளவுதான் விஷயம். நல்லவேளை, என் எதிராளி வரவே இல்லை.

2022 நவம்பரில் வழக்குப் பதிவானது. அப்புறம் சம்மன். ஒன்றியத்துக்குள் இருந்தபோது சம்மன் அனுப்ப ஐரோப்பிய விதி ஒன்று இருந்தது, அது பிரிட்டனுக்கு இப்போது இல்லை. 1965ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். எல்லாக் காகிதத்தையும் டச்சு மொழியில் பெயர்த்து, லண்டனில் உள்ள நீதிமன்றத்தின் வெளிநாட்டுப் பிரிவில் கொடுத்து, அவர்கள் அங்கே அனுப்பி, அங்கே ஒருவர் போய்க் கொடுத்து, கொடுத்ததற்குச் சான்று திரும்பி வந்து சேர ஆறு மாதம். மொழிபெயர்ப்புக்கு 480 பவுண்டு. அந்தச் சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள். எதிராளி வராமல் கிடைத்த தீர்ப்பை இன்னொரு நாட்டுக்கு எடுத்துப்போனால் முதலில் கேட்பது அதைத்தான், சம்மன் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று.

2023, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் நிலைக்கு வந்த அதே வாரம் தீர்ப்பு வந்தது. முழுத் தொகை, வட்டி, செலவு எல்லாம் எனக்கே. இருட்டுக்கடையில் வரிசையில் நின்று அல்வா வாங்கி, பத்தமடைக்குப் போய் வீடு வீடாகக் கொடுத்தேன். மூத்த நெசவுக்காரம்மா ஒருவர், நாங்கள் எல்லோரும் சாச்சி என்று கூப்பிடுவோம், அல்வாவை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்: "கேஸ் ஜெயிச்சிட்டுன்னு சொல்லுதிய அண்ணாச்சி, சந்தோஷம். அந்தத் தாளைக் கொண்டுபோயி எந்த பேங்க்ல போடணும்?"

சிரித்தேன். மூன்று மாதம் கழித்து நெதர்லாந்து வக்கீல் ஒருவரோடு வீடியோவில் பேசியபோது, சாச்சி கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரிந்தது.

அவர் பொறுமையாக விளக்கினார். 2015 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டுச் சிவில் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்ற எந்தத் தனி அனுமதியும் வேண்டாம். தீர்ப்பின் நகலையும் ஒரு சான்றிதழையும் எடுத்துக்கொண்டு அங்குள்ள அமீனாவிடம் நேராகப் போய்விடலாம். பாளையங்கோட்டை கோர்ட் உத்தரவைத் தென்காசியில் கொண்டுபோய் நிறைவேற்றுகிற மாதிரி. லண்டன் தீர்ப்புக்கும் அந்த மரியாதை இருந்தது. ஆனால் 2020 டிசம்பர் 31க்குள் தொடங்கிய வழக்குகளுக்கு மட்டும்தான் அது மிச்சம். அதற்குப் பிறகு தொடங்கிய வழக்கின் தீர்ப்பு, நெதர்லாந்து நீதிபதிக்கு ஏதோ ஒரு தூரத்து நாட்டுத் தாள்.

என் கரூர் நண்பர் ஒருவர் ஜவுளி அனுப்புகிறவர். ஜெர்மன்காரர் ஒருவர் மீது 2020 அக்டோபரில் லண்டனில் வழக்குப் போட்டவர். தீர்ப்பு வந்தது 2022இல்தான், இருந்தாலும் பழைய சாலையிலேயே போய்ப் பணத்தை வாங்கிவிட்டார். வழக்குத் தொடங்கிய தேதிதான் கணக்கு, தீர்ப்புத் தேதி கணக்கில்லை. அவருக்கு இரண்டு மாதம் அதிர்ஷ்டம். அவர் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை, அவருடைய வக்கீல் அவசரப்படுத்தினாராம். அப்படி ஒரு வக்கீல் கிடைப்பதும் அதிர்ஷ்டம்தான்.

"வேறு வழியே இல்லையா?" என்றேன். இருந்தது, அங்கேதான் அந்த 'நான்' வருகிறது. நீதிமன்றத் தேர்வு ஒப்பந்தங்கள் பற்றி 2005இல் ஹேக் நகரில் உருவான ஓர் உடன்படிக்கை இருக்கிறது. பிரிட்டனில் பழைய விதிகள் முடிந்த மறுநாளிலிருந்து, அதாவது 2021 ஜனவரி 1 முதல், அந்த நாடு தன் சொந்தப் பெயரிலேயே அதில் உறுப்பினர். இரண்டு தரப்பும் 'இந்த நாட்டு நீதிமன்றம் மட்டுமே' என்று எழுதியிருந்தால், அந்த நீதிமன்றத்தின் தீர்ப்பை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், 'மட்டுமே' என்று எழுதக்கூட வேண்டியதில்லை. 'இங்கிலாந்து நீதிமன்றங்கள்' என்று சும்மா எழுதியிருந்தாலே போதும், வேறு மாதிரி வெளிப்படையாகச் சொல்லாதவரை அது 'மட்டுமே' என்றுதான் அர்த்தம் என்று உடன்படிக்கையே சொல்கிறது. எங்கள் ஒப்பந்தம் வேறு மாதிரி வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. 'நான்-எக்ஸ்க்ளூசிவ்'. பத்துப் பைசா செலவில்லாமல் அடித்திருக்கக்கூடிய ஒரு சொல்.

அந்த வீடியோ அழைப்பு முடிந்ததும் குடோன் வாசலில் வந்து உட்கார்ந்தேன். கணக்குப் பையன் வந்து, "என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

இதைவிட உறைக்கிற சமாச்சாரம் ஒன்று பின்னால் தெரிந்தது. அந்த 'நான்' ஒரு கதவை அடைத்தது உண்மை. அதே 'நான்' இன்னொரு கதவைத் திறந்தே வைத்திருந்தது. இங்கிலாந்து 'மட்டும்' இல்லை என்றால், நான் முதலிலேயே நெதர்லாந்தில் எதிராளியின் வாசலிலேயே வழக்குப் போட்டிருக்கலாம். அங்கே 25,000 யூரோ வரையிலான வழக்குகளை விசாரிக்கிற கீழ்மட்ட நீதிபதி இருக்கிறார், அவர் முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. என் தொகை சுமார் 21,000 யூரோ. வழக்கு டச்சு மொழியில் நடக்கும், இங்கிலாந்துச் சட்டம் இன்னது என்று காட்ட வேண்டியிருக்கும், ஆகவே ஆள் வைத்துத்தான் ஆக வேண்டும். இருந்தாலும் அங்கே கிடைக்கிற தீர்ப்பு அங்கேயே செல்லும். சாச்சியின் பேங்கில் போடக்கூடிய தாள். தகராறு வந்தால் நமக்குத் தெரிந்த மொழி பேசுகிற கோர்ட்டைத் தேடாதீர்கள், எதிராளியின் பணம் எந்த ஊர் வங்கியில் தூங்குகிறது என்று தேடி அந்த ஊர் கோர்ட்டைப் பாருங்கள்.

சேரன்மகாதேவி டீக்கடையில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒரு பெரியவர், "ஏல, போலீஸ்ல எழுதிக் கொடு, இண்டர்போல் வந்து அள்ளிட்டுப் போகும்" என்றார். கடனைக் கொடுக்காதது மட்டும் குற்றமாகிவிடாது என்று வக்கீல் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்தச் சாக்கில் ஒன்று தெரிந்துகொண்டேன். குற்ற வழக்கிலும் பழைய சாலை அடைபட்டுத்தான் இருக்கிறது. ஒன்றியத்து நாடுகளுக்குள் ஆளைப் பிடித்து ஒப்படைக்க ஐரோப்பியக் கைது ஆணை என்று ஒன்று இருந்ததே, பிரிட்டன் இப்போது அதில் இல்லை, அதன் இடத்தில் வேறோர் ஏற்பாடு. ஜெர்மனியின் அரசியல் சட்டம் தன் குடிமக்களை ஒன்றியத்து நாடுகளுக்கும் சர்வதேச நீதிமன்றங்களுக்கும் மட்டுமே ஒப்படைக்க இடம் தருகிறது. அதனால் ஒரு ஜெர்மன் குடிமகனை ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு அனுப்ப முடியாது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப வீட்டைப் பிரிச்சவன் கிணத்தையுமா பிரிச்சான்?" என்றார். கூட்டுக்குடும்பம் பிரிவதைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் சீக்கிரம் புரிந்துவிடுகிறது.

2023 டிசம்பர் 17, 18இல் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் வந்ததே, அந்த மழை. தாமிரபரணி கரை மீறியது. என் குடோனில் இடுப்பளவு தண்ணீர். கோரைக் கட்டுகள் போனது போக, வழக்குக் காகிதம் இருந்த கீழ்த்தட்டும் போனது. மூல இன்வாய்ஸ், சுங்கத்தில் கொடுத்த ஷிப்பிங் பில், சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங் எல்லாம் கூழ். சிலவற்றைத்தான் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். சரக்குப் போன கம்பெனியிடமும் சுங்க ஏஜென்ட்டிடமும் கெஞ்சி நகல் வாங்க இரண்டு மாதம் ஆனது. இதை ஐரோப்பிய ஒன்றியத்தின் தலையில் போட முடியாது, என் சோம்பல்தான்.

அப்புறம் நெதர்லாந்து வக்கீல் கடைசியாக ஒரு வழி சொன்னார். ஒப்பந்தம் இல்லாத நாட்டுத் தீர்ப்பு அங்கே தானாகச் செல்லாது, புதிதாக வழக்குப் போட வேண்டும். ஆனால் 2014இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த நான்கு நிபந்தனைகள் பொருந்தினால், நீதிபதி உள்ளே போய்த் தோண்டாமல் வெளிநாட்டுத் தீர்ப்பையே ஏற்றுக்கொள்வார். தீர்ப்புச் சொன்ன கோர்ட்டுக்கு உலகம் ஒப்புக்கொள்கிற அதிகாரம் இருந்ததா, விசாரணை முறையாக நடந்ததா, அந்த நாட்டின் அடிப்படை ஒழுங்குக்கு விரோதமா, அங்கே ஏற்கெனவே செல்லுபடியாகிற வேறு தீர்ப்போடு முரண்படுகிறதா என்பவைதான் அந்த நான்கு. என் தீர்ப்பு பொருந்தும் என்றே நம்பினார். ஆனால் அதற்கும் ஒரு வழக்கு, ஒரு வருஷம், சுமார் 9,000 யூரோ.

அந்த நேரத்தில்தான் ஒரு நாட்டுத் தீர்ப்பை இன்னொரு நாடு ஏற்பதற்கான 2019ஆம் ஆண்டின் ஹேக் தீர்ப்பு உடன்படிக்கை பற்றித் தெரியவந்தது. டென்மார்க் தவிர்த்த ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறை. பிரிட்டனும் 2024 ஜூனில் உறுதி செய்தது, அங்கே 2025 ஜூலை 1 முதல். படித்ததும் துள்ளிக் குதித்தேன், ஏனென்றால் இந்த உடன்படிக்கை 'நான்-எக்ஸ்க்ளூசிவ்' பிரிவையும் ஏற்கிறது! வக்கீலுக்கு ராத்திரியே மெயில். காலையில் இரண்டு வரியில் பதில் வந்தது: வழக்குத் தொடங்கிய நாளில் இரண்டு நாட்டிலும் உடன்படிக்கை நடப்பில் இருந்திருக்க வேண்டும். என் வழக்கு 2022 நவம்பர். பழைய சாலை மூடி, புதுச் சாலை திறக்காத நாலரை வருஷ இடைவெளியில் சரியாகப் போய் விழுந்திருக்கிறேன். இன்றைக்கு இதே ஒப்பந்தத்தோடு ஒருவர் லண்டனில் புது வழக்குப் போட்டால் அவருக்கு வழி உண்டு.

2024 நவம்பரில் சமரசம். அவர்களே வக்கீல் மூலம் 7,000 பவுண்டு தருகிறோம் என்றார்கள், வழக்கு வரும் என்ற பயம் கொஞ்சம் வேலை செய்திருக்கும். மனைவியிடம் கேட்டேன். "வாங்கிட்டு விடுங்க, உங்களுக்கு ஏதாவது ஆயிருச்சின்னா அந்த மிச்சப் பணம் வந்தா பேசப் போகுது?" என்றாள். வாங்கிக்கொண்டேன். கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வந்தது சுமார் 7,40,000 ரூபாய். இங்கிலாந்துச் செலவு 4,900 பவுண்டு, ஏறக்குறைய 5 லட்சம். நெதர்லாந்து வக்கீலுக்கு 1,800 யூரோ, 1,60,000. கையில் நின்றது 80,000. பதினெட்டரை லட்சம் சரக்குக்கு. நகைக்கு வட்டி, கூரியர், மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்தது எதையும் நான் கூட்டவில்லை, கூட்டினால் அந்த 80,000மும் இருக்காது.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்பவர்களுக்காக. சின்ன ஆர்டர் என்றால் பாதிப் பணம் முன்பணம், மீதி பில் ஆஃப் லேடிங் நகலைக் காட்டியதும். கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனமான இசிஜிசியிடம் காப்பீடு எடுத்த பிறகுதான். அதிலும் பணம் வரவில்லை என்பதைக் குறித்த கெடுவுக்குள் அவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும், நம் கூச்சத்துக்காகக் கெடு காத்திருக்காது. ஒப்பந்தத்தில் கோர்ட்டே வேண்டாம் என்று நடுவர் தீர்ப்புப் பிரிவு போடுகிறேன். ஒரே நடுவர், காகிதங்களை வைத்தே முடிவு, இடம் சென்னை. நடுவர் தீர்ப்பை மற்ற நாடுகளில் நிறைவேற்ற வழிசெய்யும் 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. இந்தியாவும் உண்டு, பிரிட்டனும் உண்டு, நெதர்லாந்தும் உண்டு. யார் எந்த ஒன்றியத்தை விட்டுப் போனாலும் அந்தச் சாலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஜெர்மன் வாடிக்கையாளர் மட்டும் மறுத்தார், அவருடைய ஊர் கோர்ட்தான் வேண்டும் என்றார். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். அவருடைய கடையும் வங்கியும் அதே ஊரில்.

வாங்குகிறவர் பிரிட்டனிலேயே சொத்தோடு இருந்தால் கதை வேறு, அதில் நமக்கு ஒரு பழைய சௌகரியம் இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவில் பிரிட்டன் 1953 மார்ச் 1 முதல் பரஸ்பர நாடு. மகாராணி முடிசூடியதும் அதே வருஷம்தான். அங்குள்ள உயர் நீதிமன்றத் தீர்ப்பை நம் மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்றலாம், நம் தீர்ப்பையும் அங்கே பதிவு செய்ய 1958 முதல் வழி இருக்கிறது. பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த வக்கீல் அண்ணாச்சி இதைச் சொல்லிவிட்டு, "ஒன்றியத்து நாடு ஒண்ணுகூட நம்ம 44ஏ லிஸ்ட்ல கிடையாதுவே" என்றார். பழைய இங்கிலாந்துக் கம்பெனியோடேயே ஒப்பந்தம் தொடர்ந்திருந்தால் நான் பாளையங்கோட்டையிலேயே வழக்குப் போட்டிருக்கலாமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இப்பக் கேளு" என்றார்.

வங்கி வேலை இன்னும் முடியவில்லை. ஏற்றுமதிப் பணம் வராத ஷிப்பிங் பில் ரிசர்வ் வங்கியின் ஏற்றுமதிக் கணக்கில் திறந்தே கிடக்கும், அதை மூடாவிட்டால் அடுத்த பில்லுக்குத் தகராறு. வராத பணத்தை ரைட்-ஆஃப், அதாவது கணக்கிலிருந்து தள்ளுபடி, செய்ய வேண்டுமானால் டிராபேக் என்று சுங்கத்தில் திரும்ப வாங்கிய வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும், ஜிஎஸ்டி ரீஃபண்டுக்கும் கேள்வி வரும். அதற்கும் வழக்குக் காகிதம் எல்லாம் கேட்கிறார்கள், ஒருவகையில் லண்டன் தீர்ப்பு உதவிய ஒரே இடம் இதுதான். போன வாரம் எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் புது ஆள், சின்ன வயசுப் பெண். தீர்ப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். "சார், இதுல நீங்க ஜெயிச்சிருக்கீங்களே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப எதுக்கு ரைட்-ஆஃப் கேக்குறீங்க?" உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு, இதையெல்லாம் ஒரு லெட்டராக எழுதிக் கொண்டுவாருங்கள், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும் என்றார். இரண்டு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன், மூன்று பக்கத்துக்குக் கீழே வரமாட்டேன் என்கிறது.